வந்தவை, போனவை

வயிறு நிறைந்த நுளம்பு ஆளைத் தேடி வராது. சுகாதாரப் பகுதியில் இருபத்தாறு வருடம் நுளம்பு பிடித்தே ஓய்வு பெற்ற றவூபுக்கு, தன் பெயருக்கு அடுத்தபடியாக நிச்சயமாகத் தெரிந்த விடயம் அது ஒன்றுதான். இரத்தம் குடித்து முடித்த நுளம்பு, வலீமாக் கலியாணச் சோறு தின்ற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பக்கத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கும். பசித்ததுதான் வரும். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மிருகப் பூங்காவின் வெறுங்கூண்டு ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்த அவரது இடது கெண்டைக்காலில் வந்து இறங்கிய நுளம்பின் வயிறு டோர்ச் வெளிச்சத்தில் மாதுளம் முத்துப் போல மின்னியபோது, அவர் முதலில் தன் மூக்குக் கண்ணாடியைத்தான் சந்தேகித்தார். கழற்றித் துடைத்துப் போட்டார். மாதுளம் முத்து அப்படியே இருந்தது.

அது ஊசியை இறக்கியது. றவூப் நுளம்பு பிடிக்கிற உறிஞ்சு குழாயை வாயில் வைத்தார், ஆனால் உறிஞ்சவில்லை. அரை நிமிடத்தில் அந்தச் சிவப்பு வயிறு மெல்ல மெல்ல வற்றியது. முத்து உமியானது. பிறகு நுளம்பு எடை இல்லாமல் எழுந்து, கூண்டின் கம்பி வலைக்கு அப்பால் இருந்த குரங்குப் பக்கம் போய்விட்டது.

கடித்த இடத்தில் அரிப்பு இல்லை. கொஞ்சம் சூடு மட்டும்.

நிந்தவூருக்கு மேற்கே, வயல் முடிந்து வாவி தொடங்குகிற இடத்தில் இருந்தது ‘கிழக்கொளி சர்வதேச உயிரினப் பூங்கா’. அதன் பெயர்ப்பலகை யானையைவிடப் பெரியது; உள்ளே யானை கிடையாது. ‘சர்வதேசம்’ என்ற சொல்லை இரண்டு ஈமுக்கோழிகள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தன. மற்றதெல்லாம் ஊர்ச் சரக்கு: பதினாறு குரங்கு, ஒன்பது புள்ளிமான், நாலு மீன்பிடிப் பூனை, பல் விழுந்த சிறுத்தை ஒன்று. திறப்பு விழாக் கல்லில் பதினொரு பிரமுகர்களின் பெயர் இருந்தது. இடம் போதாததால் மிருகங்களின் பெயர் விடுபட்டுப் போயிருந்தது.

அங்கே இருந்த ஒரே மிருக வைத்தியர் ஸஜாத். ஆனாலும் அறைக் கதவில் ‘பிரதம மிருக வைத்தியர்’ என்று எழுதி வைத்திருந்தார். றவூபும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சுனாமியில் கடல் வந்த அன்று, சாய்ந்தமருதில், றவூபின் உம்மாவை முதுகில் போட்டுக்கொண்டு வயல் வரைக்கும் ஓடியவர் ஸஜாத்தான். அதனால் அவர் கதவில் என்ன எழுதினாலும் றவூப் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் பூங்காவின் மிருகங்களில் நூற்புழு கண்டது. ஒரு மிருகத்தின் இரத்தத்திலிருந்து இன்னொன்றின் இரத்தத்துக்கு நுளம்பு சுமந்து போகிற, கண்ணுக்குத் தெரியாத புழு. ஏழாம் கூண்டுக் கரடி அதில்தான் செத்தது. அதற்குப் பிறகு அந்த வெறுங்கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, மஃரிபிலிருந்து இஷா வரைக்கும் ஒரு ஆளை முழங்கால் வரை சாரனைச் சுருட்டி உட்கார வைத்தார்கள். காலில் வந்து உட்காரும் நுளம்பைக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதைப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படிவத்தில் இரண்டு நிரல்: ‘வந்தவை’, ‘போனவை’. போனவை என்றால் பிடிபடாமல் தப்பியவை. முதலில் உட்கார்ந்தவர் மீராசாஹிபு. அவர் கட்டாருக்குப் போய்விட்டதால் ஒரு வருடமாக றவூப். கூண்டுக் கதவு காற்றில் அடிக்கும் என்பதால் வெளியே கொண்டி போட்டுவிடுவார்கள். இஷா தொழுகைக்கான பாங்கு முடிய ஸஜாத் வந்து திறப்பார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

எண்ணுவதற்குப் பூங்காவில் கருவி கிடையாது. பெயர்ப்பலகைக்கே எல்லாக் காசும் போய்விட்டது. உம்றாவுக்குப் போய் வந்தவர்கள் ஈச்சம்பழத்தோடு பங்கிடுகிற, விரலில் மாட்டி, ஓதுகிற தஸ்பீஹை எண்ணும் கவுண்டர்தான் றவூபின் கருவி. பிளாஸ்டிக் சாமான், அமத்தினால் சத்தமே வராது. மீராசாஹிபு வைத்திருந்தது உருக்கில் செய்த பழைய காலத்துச் சாமான். ‘டிக்’ என்று அது போடுகிற சத்தம் பள்ளிவாசலில் கடைசி வரிசை வரை கேட்கும்.

மறுநாள் றவூப் விடயத்தைச் சொன்னார்.

“மச்சான், நிறைஞ்ச வயித்தோட வருகுதுடா. போகக்குள்ள வெறும் வயித்தோட போகுது.”

ஸஜாத் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அது எதிர்த்திசை உணவூட்டல். அப்படி ஒரு கோட்பாடு இரிக்கி.”

“எங்க இரிக்கி?”

“வெளிநாட்டுல.”

“என்ட ரத்தத்தப் பாத்தியா?”

“மாசாமாசம் பாக்கிறன்தானே. சுத்தம். உன்னப் போல சுத்தமான ரத்தம் இந்த மாவட்டத்துலயே இல்ல.” இப்போது அவர் நிமிர்ந்து சிரித்தார். “மிருகமெல்லாம் தேறுது மச்சான். மானுக்குப் புழு இல்ல, குரங்குக்குப் புழு இல்ல. விருது ஒண்டு வரப்போகுது. இந்த நேரத்துல நீ நுளம்புட வயித்தப் பாத்துப் பயப்புடுறாய்.”

அது உண்மைதான். மிருகங்கள் தேறிக்கொண்டிருந்தன. சிறுத்தைக்கு ரோமம் பளபளத்தது. மான்கள் துள்ளின. பூங்காவில் மருந்து வாங்கியதாக மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமையும், நாள் தவறாமல், பொழுது விழுந்து வாவியின் ஆற்றுவாழைப் பரப்பிலிருந்து சேற்று வாடையும் அழுகிய இலை வாடையும் எழும்பி, மான் கொட்டிலின் மூத்திரக் காந்தலோடு கலந்து, கரடி செத்த பிறகும் சாகாத கரடி நாற்றத்தோடு ஏழாம் கூண்டுக்குள் வந்து தங்குகிற நேரத்தில், றவூப் கதிரையில் உட்கார்ந்து தன் இரண்டு கால்களையும் வேறு யாருடையவோ சாமான் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் கரடி படுத்த உள்ளறை. அதன் இரும்புத் தகட்டுக் கதவுக்குக் கீழே, கழுவுகிற தண்ணீர் ஓட நாலு விரற்கடை இடைவெளி. காற்று அந்தச் சந்தால் வந்து குதிகாலைத் தொட்டது. வருகிற நுளம்பெல்லாம் நிறைந்தே வந்தன. போகிறதெல்லாம் வற்றியே போயின. குழாயில் உறிஞ்சிப் பிடித்ததைப் பிளந்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். நுளம்பு வரத் தொடங்கியதும் பூங்கா அடங்கிவிடும். குரங்குகள் சண்டையை நிறுத்திவிட்டுக் கம்பியருகே வந்து உட்காரும். மான்கள் ஒரே வரிசையாக நிற்கும். எல்லாம் ஏழாம் கூண்டைப் பார்க்கும்.

சாப்பாட்டுக் கோப்பையை நீட்டும்போது மனைவி அஸீஸா அவருடைய கையைத் தொட்டுவிட்டு விரலை இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க, இப்படிக் கொதிக்கிது? காய்ச்சலா?”

“இல்ல.”

“முகத்துல நல்லா ரத்தம் ஊறித்தான் இரிக்கி.” அவள் மூக்கைச் சுளித்தாள். “ஆனா குளிச்சிட்டு வந்தும் மான் மணக்குது. சவுக்காரம் போட்டதா இல்லையா?”

இரண்டு தரம் போட்டிருந்தார்.

சனிக்கிழமை விருது விழா. பூங்காவின் கூட்ட மண்டபத்தில் தவிசாளர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பத்தைந்து நிமிடம் தன் வாப்பாவைப் பற்றியது. ஸஜாத் திரையில் படங்கள் போட்டு விளக்கினார். ‘கிழக்கொளி முறைமை’ என்று பெரிய எழுத்து. அடுத்த படத்தில் இரண்டு கால்கள். முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தன. இடது கெண்டையில் இருந்த தழும்பை வைத்துத்தான் அவை தன் கால்கள் என்று றவூப் கண்டுபிடித்தார். சபை கை தட்டியது. கால்களுக்குச் சொந்தக்காரர் பின்வரிசையில் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘புழு ஏற்பி, கூண்டு 7.’

றவூப் மிச்ச ரோல்ஸைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

மண்டபத்தின் பின்கதவால் இறங்கி ஆய்வுகூடத்துக்குப் போனார். சாவி கதவு நிலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிந்த இரகசிய இடத்தில். தன் விரலை ஊசியால் குத்தி ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே தள்ளினார். ஆயிரம் தரம் செய்த வேலை. உயிருள்ள நூற்புழு இரத்தத்தில் துடிக்கும், சாட்டை அடிக்கும், சிவப்பணுக்களைத் தட்டி விலக்கும். அவருக்குத் தெரிந்த புழு அதுதான்.

இவை துடிக்கவில்லை.

முடி போட்டால் முடி நுழையாத அளவுக்கு நெருக்கமாக, சீவிய தலைமயிர் போல, எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. றவூப் கண்ணாடியை மெல்லத் திருப்பினார். அவை அசைந்தன. ஒன்றாக, அவசரமில்லாமல், மறுபடி அதே திசைக்குத் திரும்பி நின்றன.

அந்தத் திசையில் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் ஏழாம் கூண்டு.

அலுமாரியில் மிருகப் பதிவேடு இருந்தது. மான், குரங்கு, பூனை, சிறுத்தை எல்லாவற்றுக்கும் மாதாமாதம் புழு எண்ணிக்கை குறைந்து குறைந்து பூச்சியத்துக்கு வந்திருந்தது. ஏழாம் கூண்டுக்கும் ஒரு பக்கம். கரடி செத்த பிறகும் எழுதப்பட்ட பக்கம். ஸஜாதின் அழகான கையெழுத்து: 40. 112. 390. 1,700. கடைசி மாதத்துக்கு எண் இல்லை. ‘எண்ண முடியாது, திருப்தி’ என்று இருந்தது. மாதிரி எடுத்த நாள்கள் எல்லாம் றவூப் விரல் நீட்டிய நாள்கள்.

‘சுத்தம்’ என்று சொல்லிச் சிரித்த வாய் ஞாபகம் வந்தது. உம்மாவைச் சுமந்த முதுகும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருப்பதை அவரால் ஒன்றாகப் பிடித்து வைக்க முடியவில்லை.

பதிவேட்டுக்குக் கீழே மீராசாஹிபுவின் பழைய படிவங்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘நிறைஞ்சி வருது. வத்திப் போகுது. ஸஜாத் சேருக்குச் சொன்ன.’ அடுத்த கிழமை: ‘சேருக்குத் திரும்பியும் சொன்ன.’ கடைசிப் படிவத்தில் ஓரம் வெறுமை. நிரல்கள் மட்டும்.

வந்தவை: 4,112.

போனவை: 0.

ஞாயிற்றுக்கிழமை றவூப் வேலைக்குப் போகவில்லை. தொலைபேசியை நிறுத்தினார். வெயில் இருக்கும்போதே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினார். மூலையில் நுளம்புத்திரி கொளுத்தினார். திங்கள் காலையில் முதல் பஸ்ஸில் கல்முனைக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு டொக்டரிடம் கையை நீட்டுவது என்று முடிவு செய்திருந்தார். ஒரு இரவுதான் கடக்க வேண்டும்.

மஃரிப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பியபோது ஜன்னலைக் கண்டார்.

கண்ணாடிக்கு வெளியே நுளம்பு. ஒன்றிரண்டு இல்லை. மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக. எல்லாவற்றின் வயிறும் சிவப்பு. தெருவிளக்கு அவற்றின் ஊடாக உள்ளே வந்து சுவரில் விழுந்தது. சுவர் சிவந்திருந்தது.

சத்தம் இல்லை. ஒரு நுளம்புகூடப் பாடவில்லை.

முன்னறையில் இளைய மகள் றிஸ்னா பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே கால் நீட்டி. அவளுடைய கணுக்காலில் ஒன்று.

றவூப் பாய்ந்தார்.

அது வற்றிக்கொண்டிருந்தது. மாதுளம் முத்து. அரைமுத்து. உமி.

அடித்தார். உள்ளங்கையில் இரத்தம் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏற்கனவே இறக்கி முடித்துவிட்டது.

“வாப்பா! என்னத்துக்கு அடிக்கிறீங்க? அது கடிக்கல்லயே,” என்றாள் றிஸ்னா. காலைத் தடவினாள். “சும்மா சூடா இரிக்கி.”

அவளுக்குப் பின்னால், கதவின் சாவித் துவாரத்தால், அடுத்தது உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது.

அவை தேடி வந்தது தன்னைத்தான் என்று றவூபுக்குத் தெரிந்தது. அவர் சைக்கிளை எடுத்தார்.

தெருவில் இறங்கியதும் அவை ஜன்னலை விட்டுவிட்டன. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. வயல் வீதி நெடுகத் தலைக்கு மேலே ஏதோ ஒன்று அவரோடு சேர்ந்து வந்தது, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு.

ஏழாம் கூண்டின் கதவு திறந்திருந்தது. பக்கத்தில் ஸஜாத். நேற்றைய விழாச் சட்டை. கை கொண்டியில்.

“வருவாய் எண்டு தெரியும் மச்சான்.”

“ஏன்டா?” றவூபுக்கு மூச்சு வாங்கியது. “நீ என்ட உம்மாவச் சுமந்த ஆள்டா.”

“அதாலதான் உன்னக் கேட்ட. வேற ஆரும் நம்பி வந்து இரிப்பாங்களா?” ஸஜாத் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பாராட்டுப் போலச் சொன்னார். “ஆரோ ஒரு ஆள் ஏந்தத்தானே வேணும். நீ இரிந்தா ஊட்டுக்கு வராது. நீ இல்லாட்டி, உன்ட ரத்தம் எங்க இரிக்கோ அங்க போகும். றிஸ்னாவும் உன்ட ரத்தம்தானே.”

“மீராசாஹிபு காக்காவும் இதுக்கா வந்து இரிந்தாரு?”

“அவருக்கு மூணு பேரப்புள்ளகள்.”

“இப்ப எங்க அவரு?”

“கட்டார்ல,” என்றார் ஸஜாத், கண் சிமிட்டாமல்.

றவூப் உள்ளே போனார். தானாகவே போனார். றிஸ்னாவின் கணுக்காலில் இருந்த உமியை நினைத்துக்கொண்டு போனார். சாரனைச் சுருட்டினார். உட்கார்ந்தார். வெளியே கொண்டி விழுந்தது. ஸஜாதின் சப்பாத்துச் சத்தம் சரளைக்கல்லில் தூரமாகிப் போனது. தூரமாகிப் போனவர் ஒரு தரம் நின்று, “நாளைக்கு ஏழாம் கூண்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை வருது,” என்றார்.

வந்தன.

எப்போதும் போல இடது கெண்டையில் ஒன்று. வலதில் ஒன்று. முழங்காலில். விரலிடுக்கில். குரங்குகள் அடங்கின. மான்கள் வரிசையாக நின்றன. சிறுத்தை கம்பியில் நெற்றியை வைத்து, பளபளத்த ரோமத்தோடு, நலமாக, மிக நலமாக, அவரைப் பார்த்தது. தோலுக்குக் கீழே சூடு ஏறியது. கெண்டைக்குள் ஏதோ ஒன்று சீவிய மயிர் போல மெல்லத் திரும்பிப் படுத்தது.

தூரத்தில் இஷா பாங்கு தொடங்கியது. முடிந்தது.

சப்பாத்துச் சத்தம் இல்லை.

றவூப் குனிந்து கால்களைப் பார்த்தார். நுளம்புகள் வற்றிவிட்டிருந்தன. உமி உமியாக. ஆனால் எழும்பவில்லை. ஒன்றுகூட எழும்பவில்லை. அவற்றின் மேலே புதியவை வந்து உட்கார்ந்தன. தன் தோலை அவரால் காண முடியவில்லை.

போனவை: பூச்சியம்.

எண்ண வேண்டும் போலிருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். விரலில் கவுண்டர் இருந்தது. பெருவிரல் அசையவில்லை.

டிக்.

அவர் அமத்தவில்லை. அவருடையது சத்தம் போடாது.

வலது முழங்காலில் இன்னொன்று உட்கார்ந்தது.

டிக்.

முதுகுக்குப் பின்னாலிருந்து. இரும்புத் தகட்டுக்கு உள்ளேயிருந்து.

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. மடியிலிருந்து உருண்டு விழுந்த டோர்ச், தகட்டுக் கதவின் கீழ்ச் சந்துக்குள் நேராக வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. நாலு விரற்கடை வெளிச்சம். அதற்குள் கதிரையின் முன்கால் இரண்டு. அவற்றுக்கு நடுவே, அருகருகே, பாதங்கள் இரண்டு. கறுப்புக் காலுறை போட்ட பாதங்கள்.

காலுறைக்குச் சிறகுகள் இருந்தன.

றவூபின் கழுத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்தது.

டிக்.